கம்பெனிக்கு ஆள் சேர்த்த படலம்

பெரம்பலூர் பாலக்கரையில் என் மாமியார் வீட்டு ஆட்கள் மொத்தப் பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். நாத்தனார் சுமதி பட்டுப்புடவையில் இருந்தாள். மாமியார் தலையில் கொள்ளாத மல்லிகை. மாமனார் சலவை மடிப்புக் கலையாத வேட்டியில், நாலு பக்கமும் வரும் பஸ்களை அதிகாரி போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸிலிருந்துதான் இறங்கினார், வேலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் குமரேசன் மட்டும் வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை.

வர வேண்டிய வேன் வரவில்லை. டிரைவர் ஆரோக்கியத்தின் போன் அணைந்து கிடந்தது.

"என்னம்மா தேனு, உன் கம்பெனி வண்டி கண்ணுக்குத் தெரியாத வண்டியா?" என்றார் மாமனார்.

நான் பதினெட்டாவது தடவையோ என்னவோ, மறுபடி போன் போட்டேன். அப்போதுதான் அரியலூர் பக்கமிருந்து அந்த வெள்ளை வேன் வந்து, எங்கள் முன்னால் குலுங்காமல் நின்றது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு, புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கினாள். ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா.

மாமியார் என் முழங்கையைப் பிடித்தார். "டிரைவரு எங்கம்மா?"

"நாந்தாம்மா டிரைவரு. ஏறுங்க, வெயிலு வந்துரும்" என்றாள் ஸ்டெல்லா.

ஏர்போர்ட் போவுமா?

வேலையை விட்டுவிட்டு நான் ஊர் வந்து சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டவர்களைவிட, 'வீட்டுக்காரர் என்ன சொன்னார்' என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

"மொதல்ல எங்க வூட்டு ஆளுங்கள ஒரு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டு. அவங்க வாயில 'நல்லா இருக்கு'னு வந்துட்டா ஊரு வாயிலயும் வந்துரும். வரலைன்னா, பழைய வேலைக்கே போயிடலாம். சரியா?"

அவர் நல்ல மனிதர். ஆனால் தன் வீட்டு ஆட்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனிதர்.

பழைய வேலை என்றால், சென்னையில் பயண டிக்கெட் போட்டுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவது. மணாலியில் வெந்நீர் வரவில்லை என்று திட்டுவார்கள். அந்தமானில் படகு வரவில்லை என்று திட்டுவார்கள். நான் மணாலியைப் பார்த்ததே இல்லை. ஆனால் அங்கே எந்த ஓட்டலில் வெந்நீர் வராது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கூட வேலை பார்த்தவர்கள், "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்பார்கள்.

"சின்ன வெங்காயம்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு நாள் அப்படிச் சிரிக்கும்போது பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. கோட்டை இருக்கிறது, கோயில் இருக்கிறது, கல்லாகிப்போன மரமே இருக்கிறது. நான் ஏன் வெங்காயத்தோடு நிறுத்துகிறேன்?

அந்தக் கேள்விதான் என்னை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. வெளியூர்க்காரர்களை அழைத்து வந்து பெரம்பலூரையும் அரியலூரையும் சுற்றிக்காட்டும் ஒரு கம்பெனி. அதற்குக் கூட்டாளிகள் வேண்டும் என்று, தெரிந்த வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் போட்டேன்.

எங்கள் ஊரில் டிராவல்ஸ் என்றால் திருச்சி ஏர்போர்ட் போகிற கார் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முதல் நாளே ஒருவர் பெட்டியும் பாஸ்போர்ட்டுமாக வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே அழுது சிவந்த கண்ணோடு அவர் மனைவி. "வண்டி எங்கங்க? பிளைட்டுக்கு நேரமாச்சு" என்றார். குமரேசன்தான் தன் ஹார்டுவேர் கடை வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் நேரில் வந்து பேசினான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கார்டுல என் பேருக்குக் கீழ சி.இ.ஓ.ன்னு வருமா?"

"நீ என்ன வேலை செய்வ?"

"அதான் சொன்னேனே, சி.இ.ஓ."

டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தேன்.

பையில என்ன, கல்லா?

ஷமீமை நான் தேடிப் போகவில்லை. அவள் பை என் கால்மேல் விழுந்தது.

அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டிருந்த பெண்ணின் தோள்பை வார் அறுந்து, நேராக என் பாதத்தில் இறங்கியது. கண்ணில் பொறி பறந்தது.

"என்னம்மா இது, பையில கல்லா வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"ஆமாங்க்கா" என்றாள் அந்தப் பெண், பாவமாக. "கல்லுதான்."

திறந்தே காட்டிவிட்டாள். உண்மையில் கல்தான். டிபன் பாக்ஸ் பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி வைத்த கற்கள். வலியை மறந்து சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார், பயந்துபோய்தான் என்று நினைக்கிறேன்.

ஷமீமுக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. நிலவியல் படித்துவிட்டு, ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. எந்தப் பக்கம் நல்ல கல், எந்தப் பக்கம் மட்டக் கல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று பெரம்பலூர் வருவதற்குள் நத்தை போலச் சுருண்ட ஒரு கல்லை என் உள்ளங்கையில் வைத்து, அது உயிரோடு நீந்திய நாளைப் பற்றிச் சொன்னாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

இவள்தான் ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க சொல்றதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா ஆபீஸ்ல என்னைய ராஜஸ்தானுக்கு மாத்துறாங்க. பெரிய போஸ்டு. திங்கக்கெழம பதில் சொல்லணும். எங்க அத்தா சவுதில இருந்துக்கிட்டு, 'எம்பொண்ணு ஆபீசரு'ன்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லி வச்சிருக்காரு."

"ஞாயித்துக்கெழம வெள்ளோட்டம் விடுறோம். சும்மா வந்து பாரேன்."

"சும்மாதான் வருவேன்" என்றாள், அழுத்தமாக.

வாசற்படியில் நின்ற கேள்விகள்

ஆரோக்கியம் கிடைத்தது ஏலாக்குறிச்சியில். மாதா கோயிலுக்கு வரும் ஜனங்களை வேளாங்கண்ணி வரைக்கும் அழைத்துப்போகிற வேன் அவருடையது. சீட்டு உறைகூடத் துவைத்துப் போட்டிருந்தார். முதலில் காரை கிராமத்துப் பொட்டல், பிறகு கல்மரம் என்று நான் திட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "சரிங்க மேடம், வந்துர்றேன் மேடம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். அவ்வளவு சுலபமாக யாராவது சரி சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

ஸ்டெல்லாதான் வாசற்படியை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பொம்பளைங்க பாத்ரூம் போவணும்னா எங்க போவாங்க?"

"பெட்ரோல் பங்க்..."

"காரைப் பொட்டல்ல பெட்ரோல் பங்க் எங்க இருக்கு? சரி, சாப்பாடு?"

"பார்சல் வாங்கிக்கலாம்."

"வெயில்ல பார்சலு ஊசிப்போவும். மழை பெய்ஞ்சா?"

"மழை பெய்யாதுன்னு..."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பரீட்சையில் கடைசிப் பக்கம் வரை காலியாக விட்ட பிள்ளையைப் பார்ப்பது போல.

அவள்தான் இப்போது பாலக்கரையில் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அவரு கல்யாண வாடகைன்னு வேற ஓனரோட பஸ்ஸ எடுத்துக்கிட்டுத் தஞ்சாவூருப் பக்கம் போயிட்டாரு. உங்ககிட்டச் சொல்ல வெக்கம். போனையும் அணைச்சிட்டாரு. வாக்குக் குடுத்தது எங்க வூட்டு வண்டி, அதான் கொண்டாந்தேன். லைசென்ஸ் பாக்கணுமா?"

மாமனார் கையை நீட்டினார். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, வேன் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள போ, உள்ள போ, ரைட்டு!" என்றார்.

வரலாம், வரலாம்

ஷமீம் கடைசி சீட்டில், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சும்மா வந்தவள் அல்லவா.

பாடாலூரில் திரும்பி, காரைக்குப் போகும் வழியில் சோளக்காடும் பருத்திக்காடும் மழையில் குளித்துப் பளபளவென்றிருந்தன. சுமதி செல்ஃபி எடுத்தாள். மாமனார் ஒவ்வொரு ஊர் வரும்போதும் எழுந்து ஊர்ப் பெயரைக் கூவினார். யாரும் இறங்காதது அவருக்கு வருத்தமாக இருந்தது.

காரைக்கு அப்பால் தார் ரோடு முடிந்தது. செம்மண்ணும் வெள்ளை மண்ணுமாக மழை அரித்து அரித்து, பள்ளமும் மேடுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு பொட்டல். ஸ்டெல்லா வண்டியை நிறுத்தி, இறங்கி, காலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள்.

"இதுக்கு மேல போவாது. திருப்பி நிறுத்திர்றேன்."

"நீ ரிவர்ஸ் எடும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று மாமனார் குதித்து இறங்கினார். ஸ்டெல்லா வேண்டாமென்று சொல்வதற்குள் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். பல வருஷம் கழித்துக் கிடைத்த பின்பக்கம்! குரல் கணீரென்று வந்தது.

"வரலாம்... வரலாம்... வரலாம்... வா வா வா..."

பொத்தென்று ஒரு சத்தம். வேனின் பின்சக்கரம் பாதிவரை களிமண்ணில் உட்கார்ந்தது.

"ஹோல்டான்" என்றார் மாமனார், தாமதமாக.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. போனை எடுத்து, காரையில் தனக்குத் தெரிந்த வீட்டுக்குப் பேசி, டிராக்டர் அனுப்பச் சொன்னாள். டிராக்டர் வருவதற்கு நேரமாகும்.

அந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். மாமியார் குடையை விரித்துக்கொண்டார். "இதுல பாக்க என்ன இருக்கு? வெறும் பொட்டலு" என்றார். சுமதி புடவைக் கொசுவத்தில் ஒட்டிய சேற்றைக் காட்டி, "இதுக்கா அண்ணி பட்டு கட்டிட்டு வந்தேன்?" என்றாள். குமரேசன் என் பக்கத்தில் வந்து நின்று, மறுபடி வானத்தைப் பார்த்தார். அது இன்னும் பயமாக இருந்தது. எனக்குக் காதில் ஹெட்போன் மாட்டிய மாதிரியே இருந்தது. மணாலி, வெந்நீர்.

ஷமீம் வேனிலிருந்து இறங்கினாள். காதில் இருந்ததைக் கழற்றிப் பையில் போட்டாள். யாரையும் பார்க்காமல் கொஞ்ச தூரம் நடந்து, குனிந்து, எதையோ எடுத்து வந்து சுமதியின் கையில் வைத்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, பழுப்பாக ஒரு கல். சுமதி பயந்துவிட்டாள். "ஐயோ, தோட்டாவா? போலீஸுக்குச் சொல்லணுமா?"

"இல்லங்க்கா, மீனு. கணவா மீன் இருக்குல்ல, அதோட சாதிசனம். அதுக்கு உள்ள இருந்த கூடு இது. ஒடம்பு போயிருச்சு, இது மட்டும் கல்லாயிருச்சு."

"மீனா? இங்க மீனுக்கு என்ன வேலை?" என்றார் மாமியார். "கடலு இங்கேருந்து எவ்ளோ தூரம்?"

"தூரமே இல்லம்மா" என்றாள் ஷமீம். "கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி இதுதான் கடலு. நீங்க இப்ப நிக்கிறது கடலோட அடியில."

என் மாமியார் சட்டென்று புடவைக் கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினார்.

நனைந்துவிடும் என்றுதான். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகத் தூக்கிவிட்டது. ஒரு கணம் எல்லோரும் அவர் காலைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார். அவ்வளவுதான், அந்தப் பொட்டல் முழுவதும் சிரிப்பு உருண்டது. குமரேசன் சிரித்துச் சிரித்து என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்.

அதற்கப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. சுமதி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மேடேறினாள். கண்ணாடிச் சில்லு போல வெயிலில் மின்னுவதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அது ஜிப்சம் என்றாள் ஷமீம். மாமியாருக்கு, சுருட்டி வைத்த புழு மாதிரி ஒரு கல் கிடைத்தது. "இது எனக்குத்தான் மொதல்ல கெடச்சுது, எழுதிக்க" என்று ஷமீமிடம் சண்டை. ஷமீம் அந்தப் பள்ளத்துக்கும் இந்த மேட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். துப்பட்டா எல்லாம் செம்மண். சும்மா வந்தவள்!

டிராக்டர் வந்து வேனை இழுத்து வெளியே போட்டது. ஸ்டெல்லா ஹாரன் அடித்தாள். யாரும் வரவில்லை. மாமனார் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். அந்த விசிலுக்குத் திருச்சி பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். இங்கே சொந்தப் பெண்டாட்டிகூடத் திரும்பவில்லை.

"செத்த இருங்க!" என்று பள்ளத்துக்குள்ளிருந்து மாமியாரின் குரல் மட்டும் வந்தது. "அந்தப் பக்கத்துக் கடல நான் இன்னும் பாக்கல!"

ஒருவழியாக எல்லோரையும் சேர்த்தோம். ஷமீம் வேன் வாசலில் கையை விரித்து மறித்து நின்றாள். "எடுத்ததெல்லாம் எடுத்த எடத்துலயே போட்டுட்டு ஏறுங்க. அடுத்து வர்றவங்க பாக்கணும்ல?" சுமதி கைப்பையைக் கவிழ்த்தாள். இவ்வளவு கல் அந்தச் சின்னப் பைக்குள் எப்படிப் போனதென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மதியச் சாப்பாடு காரையில், டிராக்டர் வந்த அதே வீட்டில். சுடச்சுடச் சோறு, வெங்காயச் சாம்பார், கருவாட்டுத் தொக்கு. பின்கட்டில் கழுவிவிட்ட சுத்தமான பாத்ரூம், வாளி நிறையத் தண்ணீர், புதுச் சோப்பு.

"இதெல்லாம் எப்ப ஏற்பாடு பண்ணீங்க ஸ்டெல்லா?"

"போன வாரமே வந்து பேசிட்டுப் போயிட்டேன். கேட்டதுக்கு உங்ககிட்டப் பதில் இல்லையே, அப்ப யாராச்சும் செய்யணும்ல?" என்று தொக்கை என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். "ஒண்ணு சொல்லிர்றேன். நான் வண்டி ஓட்ட வரல. பங்குக்கு வந்துருக்கேன்."

பதில் சொல்லும்போது என் வாய் நிறையச் சோறு. தலையை ஆட்டினேன். எவ்வளவு ஆட்டினேன் என்றால், விக்கிக்கொண்டது.

கல்மரம் பார்க்க நேரமே இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. "அடுத்த தடவ எப்பன்னு எங்கம்மா கேக்குது, பழைய வேலைய மறந்துரு" என்றார் குமரேசன் என் காதில்.

ஆலை வாசல்

திரும்பி வரும்போது ஷமீம் காதில் எதையும் மாட்டவில்லை. லப்பைக்குடிக்காடு பஸ்ஸுக்காக இறங்கும்போது, "அத்தாகிட்டப் பேசிட்டு போன் பண்றேங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டெல்லா போன் செய்தாள். "கெளம்பி நில்லு தேனு, ரெட்டிபாளையம் போறோம்." நான் மேடம் இல்லை இப்போது, தேனு.

"அவளே போன் பண்ணிச் சொல்றேன்னு சொல்லியிருக்கா."

"போன்ல முடியாதுன்னு சொல்றது சுலபம். நேர்ல நம்ம மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லட்டும்."

ஆலை வாசலுக்கு எதிரே, புளியமரத்து நிழலில் வேனை நிறுத்தினோம். கல் லாரிகள் வருவதும் போவதுமாகச் சாம்பல் நிறப் புழுதி. ஸ்டெல்லா வறுகடலை வாங்கி வந்தாள். நான் தொலியை உரித்து உரித்து, கடலையை எறிந்துவிட்டுத் தொலியைத் தின்றுகொண்டிருந்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஷமீம் வெளியே வந்தாள். நடையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இங்க எப்ப வந்தீங்க?"

"அத விடு. அத்தா என்ன சொன்னாரு?" என்றாள் ஸ்டெல்லா.

ஷமீம் உதட்டைக் கடித்தாள். "நடந்ததெல்லாம் சொன்னேன். அப்புறம் கேட்டாரு, 'நெசமாவே நம்ம ஊருக்குப் பக்கத்துல கடல் இருந்துச்சா'ன்னு. ஆமாத்தான்னேன். 'நான் ஆயுசுக்கும் கடலத் தாண்டித் தாண்டித்தான் ஒங்களப் பாக்க வர்றேன். தாண்ட வேண்டாத கடல் ஒண்ணு இருக்குன்னா, லீவுல வரப்ப மொதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவணும்'னாரு." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேங்க்கா. ராஜஸ்தானும் இல்ல, ரெட்டிபாளையமும் இல்ல."

நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. குதித்தேன் என்று ஸ்டெல்லா சொல்கிறாள். ஷமீமைத் தூக்கிச் சுற்ற முயன்று, இருவரும் வேன் கதவில் மோதிக்கொண்டது மட்டும் தெரியும். தோளில் காயம் இருந்தது. ஸ்டெல்லா ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து ஹாரனை அழுத்தினாள். எடுக்கவே இல்லை.

ஆலை வாசலிலிருந்து காவலாளி லத்தியோடு ஓடி வந்தார்.

"யாரும்மா நீங்க? என்ன சத்தம் இங்க? எந்தக் கம்பெனி?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, கம்பெனிக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்று. ஆனால் மூன்று பேருமே வாயைத் திறந்தோம்.

"செம்மண் டிராவல்ஸ்" என்றேன் நான்.

"கல்மரம் டூர்ஸ்" என்றாள் ஷமீம்.

"மாதா டிராவல்ஸ்" என்றாள் ஸ்டெல்லா, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு.

காவலாளி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். எட்டி வேனுக்குப் பின்பக்கமும் பார்த்தார்.

"மூணு கம்பெனியா?" என்றார். "அப்பன்னா மத்த ரெண்டு வண்டியையும் எங்க நிறுத்தியிருக்கீங்க? எடுங்க, எடுங்க, லாரி வருது!"